'திங்' என்ற சொல் சபையிலிருந்து சாமானுக்கு வந்த கதை

கேள்வி இதுதான்: ஐஸ்லாந்து நாடாளுமன்றத்துக்கு அல்திங்கி என்று பெயர். டென்மார்க்கில் ஃபோல்கெடிங், நார்வேயில் ஸ்டோர்டிங். ஊருக்குக் கிளம்பும்போது "திங்ஸ் எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்கிறோமே, அந்த ஆங்கிலத் 'திங்'கும் இந்த நாடாளுமன்ற 'டிங்'கும் ஒரே சொல்லா, இல்லை ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறதா? ஒரே சொல் என்றால், சாமானைக் குறிக்கும் சொல் எப்படி நாடாளுமன்றத்தின் பெயர் ஆனது?

ஒரே சொல்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியைத் திருப்பிப் போட வேண்டும். சாமான் நாடாளுமன்றம் ஆகவில்லை. சபைதான் மெல்ல மெல்லத் தேய்ந்து சாமான் ஆனது.

முதலில் ஒலியை முடித்துவிடுவோம். ஜெர்மானிய மொழிகளின் பொது மூதாதை மொழியில் இந்தச் சொல்லின் முதல் ஒலி, நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் 'த'. ஆங்கிலமும் ஐஸ்லாந்து மொழியும் அதை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஜெர்மனும் டச்சும் அதை 'டம்மி'யில் வரும் 'ட' ஆக்கின. டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றும் 'டீ'யில் வரும் 'ட' ஆக்கின. தமிழில் எழுதினால் பின்னவை இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அது நம் எழுத்தின் குறை, அவற்றின் குறை அல்ல. இந்த மாற்றம் இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் நம்பத் தேவையில்லை. மூன்று என்ற எண்ணையும் பாருங்கள்: ஆங்கிலத்தில் த்ரீ, ஜெர்மனில் ட்ரை, டச்சில் ட்ரீ, ஸ்வீடிஷில் ட்ரே. அதே தடம், அதே திருப்பம்.

அப்புறம் பொருள். கிடைக்கிற சான்றுகளை வைத்துப் பார்த்தால், சபைக்கும் முன்னால் இந்தச் சொல்லுக்கு 'காலம்' என்றொரு பொருள் இருந்திருக்க வேண்டும். 4-ஆம் நூற்றாண்டில் பைபிளைக் கோதிக் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். கோதிக் இன்று வழக்கில் இல்லாத ஒரு ஜெர்மானிய மொழி. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 'காலங்களையும் சமயங்களையும் குறித்து' என்று ஓர் இடம் வரும். அங்கே 'காலம்' என்பதற்குக் கோதிக் மொழிபெயர்ப்பில் உள்ள சொல் 'தீஹ்ஸ்'. இது 'திங்'கின் உடன்பிறப்பு. 'ஹ்' இருக்கும் இடத்தில் 'ங்' வருவதற்கு ஒழுங்கான ஒலிவிதி உண்டு. ஆக, குறித்த காலம், குறித்த நாளில் கூடும் கூட்டம், கூட்டம் என்று பொருள் நகர்ந்திருக்கிறது.

குறித்த நாள் என்பது வெறும் ஊகம் இல்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியக் குலங்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் நிலவு பிறக்கும் நாட்களிலோ பௌர்ணமியிலோ கூடுவார்கள் என்கிறார். கூடவே ஒரு புகாரும் வைக்கிறார்: சொன்ன நேரத்துக்கு யாரும் வருவதில்லை, ஆட்கள் சேர்வதற்குள் இரண்டு மூன்று நாள் வீணாகிவிடுகிறது. (ஜெர்மானியர்களின் நேரந்தவறாமை பற்றி இன்று யாராவது உங்களிடம் பெருமை பேசினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.) ஆயுதத்தோடுதான் உட்காருவார்கள். சொன்ன யோசனை பிடிக்காவிட்டால் முணுமுணுப்பு. பிடித்திருந்தால் ஈட்டிகளைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்கள். ஓட்டெடுப்பு முடிந்தது.

இந்த ஈட்டிச் சத்தம் வெகு காலம் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தாலியில் குடியேறிய ஜெர்மானியக் குலமான லோம்பார்டுகளின் அரசர் ரோத்தாரி 643-இல் சட்டத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். எழுதியது லத்தீனில். ஆனால் அதை உறுதிசெய்யும் சடங்கைச் சொல்ல லத்தீன் போதவில்லைபோல. 'கைரெதிங்ஸ்' என்ற தங்கள் சொல்லையே போட்டார்கள். 'கைர்' என்றால் ஈட்டி. ஈட்டித் திங்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த சான்று ஒரு கல். இங்கிலாந்தின் வடக்கே, ரோமானியர்கள் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டி ஹவுஸ்ஸ்டெட்ஸ் என்ற ரோமானியக் கோட்டை இருக்கிறது. 1883-இல் அங்கே சில பலிபீடக் கற்கள் கிடைத்தன. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றை நட்டவர்கள் ரோமானியப் படையில் வேலை பார்த்த ஜெர்மானியச் சிப்பாய்கள். தங்களைத் 'துய்ஹாந்தி' மக்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இன்றைய நெதர்லாந்தின் கிழக்கே உள்ள ட்வென்டே பகுதி என்று கொள்கிறார்கள். ஒரு கல்லில் வேண்டுதல் யாருக்கு என்றால், 'மார்ஸ் திங்சுஸ் என்னும் தேவனுக்கும், பேடே, ஃபிம்மிலேனே என்னும் இரு தேவிகளுக்கும்.' மார்ஸ் ரோமானியப் போர்த் தெய்வம். 'திங்சுஸ்' லத்தீன் சொல்லே அல்ல. லத்தீன் வேட்டி கட்டிக்கொண்ட ஜெர்மானியச் சொல். திங்கின் தெய்வம், அதாவது சபையைக் காக்கும் தெய்வம். சொந்த ஊரிலிருந்து கடல் தாண்டி, குளிரில் சுவர் காவலுக்கு நின்ற சிப்பாய்கள், தங்கள் ஊர்ப் பஞ்சாயத்துச் சாமியை முதலாளியின் மொழியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தேவிகளின் பெயர்களையும், வடகடல் கரையோரத்து ஜெர்மானிய மக்களான ஃபிரிசியர்களின் பழைய சட்டங்களில் வரும் 'போட்திங்', 'ஃபிமெல்திங்' என்ற இருவகைக் கூட்டங்களோடு சில அறிஞர்கள் இணைக்கிறார்கள். கவர்ச்சியான யோசனைதான், ஆனால் அதன் மேல் வீடு கட்ட நான் தயாரில்லை.

இந்தத் தெய்வம் உங்கள் காலண்டரிலும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையை ரோமானியர்கள் மார்ஸின் நாள் என்றார்கள். ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் தெய்வமான 'டீவ்' பெயரில் ட்யூஸ்டே ஆக்கினார்கள். டச்சுக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் அது டின்ஸ்டாக், டீன்ஸ்டாக். அந்த 'டின்ஸ்' நம் மார்ஸ் திங்சுஸிடமிருந்து வந்தது என்பதுதான் வழக்கமான விளக்கம். ஜெர்மன் படிக்கிறவர்கள் பலரும் 'டீன்ஸ்ட்' என்றால் பணி, எனவே 'பணி நாள்' என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, சபைக்கு வருவோம். எல்லாரும் அறிந்தது ஐஸ்லாந்தின் அல்திங்கி: 'அல்' என்றால் எல்லாரும், எல்லாருக்குமான திங். 930-இல் தொடங்கியது. கூடிய இடம் திங்வெட்லிர், அதாவது திங்கின் வெளி. நில அமைப்பே விசித்திரமானது. வட அமெரிக்கக் கண்டத்தட்டும் யூரேசியத் தட்டும் விலகிக்கொண்டே போகும் பிளவு அங்கேதான் ஓடுகிறது. ஒரு பக்கம் சுவர் மாதிரிப் பாறை, எதிரே சமவெளி. அங்கே 'சட்டப் பாறை' என்று ஓர் இடம். அதில் ஏறி நிற்பவர் சட்டம் சொல்பவர். எழுத்தில் எதுவும் இல்லாத காலம். மூன்று வருஷப் பதவியில் வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்காக முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்லி முடிக்க வேண்டும். 1117-18 குளிர்காலத்தில்தான் சட்டத்தை எழுதத் தொடங்கினார்கள்.

அரசன் கிடையாது, போலீஸ் கிடையாது. தீர்ப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நிறைவேற்றுவது ஜெயித்தவன் பாடு. ஆனாலும் சபையின் சொல்லுக்கு எடை இருந்தது. கி.பி. 1000-ஐ ஒட்டி, கிறிஸ்தவமா பழைய தெய்வங்களா என்று நாடு இரண்டாகப் பிரிந்து நின்றபோது, முடிவைச் சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் விட்டார்கள். அவர் பழைய மதத்துக்காரர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக் கிடந்துவிட்டு, எழுந்து வந்து எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்று அறிவித்தார். குதிரைக் கறி தின்னலாம், பழைய பலியை மறைவாக நடத்திக்கொள்ளலாம் என்று சில சலுகைகளும் தந்தார். 1800-இல் அல்திங்கி கலைக்கப்பட்டது. 1845-இல் ரெய்க்யவிக்கில் மீண்டும் கூடியது. ஆனால் 1944 ஜூன் 17 அன்று குடியரசை அறிவிக்க எல்லாரும் மழையில் திங்வெட்லிருக்குத்தான் போனார்கள்.

திங்வெட்லிர் ஐஸ்லாந்தில் மட்டும் இல்லை. வைக்கிங்குகள் குடியேறிய இடமெல்லாம் அந்தப் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டிங்வால், ஷெட்லாந்துத் தீவின் டிங்வால், லிவர்பூலுக்கு எதிர்க்கரை விர்ரலில் உள்ள திங்வால், எல்லாம் அதே 'திங் வெளி'தான். மேன் தீவின் நாடாளுமன்றமான டின்வால்டும் அதேதான். அங்கே ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு சின்ன மண்மேட்டில் கூடி, அந்த ஆண்டின் சட்டங்களை ஆங்கிலத்திலும் மேன் தீவு மொழியிலும் வாசிக்கிறார்கள்.

இப்போது கேள்வியின் கஷ்டமான பகுதி. சபை எப்படிச் சாமான் ஆனது?

இரண்டையும் நேராக இணைக்கப் பார்த்தால் இணையாது. நடுவில் ஒரு படி இருக்கிறது: விஷயம். சபை கூடுவது எதற்கு? வழக்குத் தீர்க்க. ஆகவே கூட்டத்தின் பெயரே கூட்டத்துக்கு வந்த வழக்கின் பெயரும் ஆகிறது. வழக்கு, கொஞ்ச காலத்தில் எந்த விவகாரத்துக்கும் பெயர் ஆகிறது. விவகாரம், விஷயம் ஆகிறது. விஷயம் என்றான பின் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கும் தாவ எவ்வளவு நேரம்? ஆங்கிலத்தில் முதல் படி இருந்ததற்குச் சான்று உண்டு: 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கென்ட் அரசர்கள் ஹ்லோத்தேரும் எட்ரிக்கும் வெளியிட்ட சட்டத்தில் 'திங்' என்றால் கூட்டம், மன்றம். பழைய ஆங்கிலத்திலேயே விஷயம், பொருள் என்ற அர்த்தங்களும் வந்துவிட்டன. பிறகு சபை என்ற பொருள் மறைந்து, மற்றவை மட்டும் தங்கின. நடுப்படி இன்றும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது, "தி திங் இஸ்..." என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் கையில் சாமான் எதுவும் இல்லை. "விஷயம் என்னன்னா..." என்கிறார், அவ்வளவுதான்.

இது ஒற்றைச் சொல்லுக்கு நடந்த விபத்தா என்று கேட்டால், இல்லை. பக்கத்திலேயே இன்னொரு சொல் அதே படிகளில் இறங்கியிருக்கிறது. ஜெர்மன் 'ஸாஹே', ஸ்வீடிஷ் 'சாக்': இன்று இரண்டும் பொருள், விஷயம். மூலத்தில் தகராறு, வழக்கு. ஆங்கிலத்தில் அதன் மிச்சம் 'சேக்'; "ஃபார் காட்ஸ் சேக்" என்கிறோமே, அதில் வருவது. பழைய ஆங்கிலத்தில் அதற்கும் வழக்கு என்றுதான் பொருள். ஜெர்மானியக் குடும்பத்துக்கு வெளியே போனாலும் இதே கதைதான். லத்தீனில் 'காவ்சா' என்றால் காரணம், வழக்கு. அதன் வாரிசுகள் இத்தாலிய 'கோசா', ஸ்பானிய 'கோசா', பிரெஞ்சு 'ஷோஸ்'. மூன்றுக்கும் இன்று பொருள், சாமான்தான்.

நம் பேச்சிலும் ஒன்று உண்டு. "என்ன சங்கதி?" என்று கேட்கிறோம். சமஸ்கிருதத்தில் சங்கதி என்றால் ஒன்றுகூடுதல், சேர்க்கை. கூடுதலில் தொடங்கிய சொல் நம்மிடம் செய்தி, விஷயம் என்று வந்து நிற்கிறது. ஐஸ்லாந்துக்காரனுக்கும் நமக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. பேசக் கூடுகிறவர்கள் எங்கேயும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஜெர்மனில் சபைப் பொருள் மேற்பரப்பில் செத்துவிட்டது, ஆனால் அடியில் புதைந்து கிடக்கிறது. நான் மொழிபெயர்ப்பு வேலையில் தினமும் அதன் மேல் இடறுகிறேன். 'பெடிங்குங்' என்றால் நிபந்தனை. ஒப்பந்தங்களில் பத்து வரிக்கு ஒன்று வரும். சபையில் பேசி ஒப்புக்கொண்டது என்பது அதன் அடிப்பொருள். 'உன்பெடிங்ட்' என்றால் 'கண்டிப்பாக', நிபந்தனையே இல்லாமல். ஒருவனைக் கைது செய்வதை 'டிங்ஃபெஸ்ட்' ஆக்குவது என்பார்கள், அதாவது மன்றத்துக்குத் தப்பாமல் வரும்படிப் பிடித்துக் கட்டுவது. சாமான் என்ற பொருளை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினால் ஒன்றும் விளங்காது.

இதில் உச்சம் 'ஃபெர்டைடிகன்'. பொருள்: தற்காத்தல். ஜெர்மன் கால்பந்து வர்ணனை கேட்டவர்களுக்கு 'ஃபெர்டைடிகர்' தெரிந்திருக்கும், பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலும் அதே ஃபெர்டைடிகர்தான். இந்தச் சொல்லில் 'டிங்' எங்கே இருக்கிறது என்று தேடினால் கண்ணுக்குத் தெரியாது. பழைய வடிவம் 'டகடிங்': டாக் என்றால் நாள், டிங் என்றால் மன்றம்; குறித்த நாளில் கூடும் மன்றம், அதில் நடக்கும் பேச்சு. அதிலிருந்து 'டகடிங்கன்', மன்றத்தில் வாதாடுதல். வாய்கள் அரைத்து அரைத்து நடு எழுத்துகள் விழுந்து 'டைடிகன்' ஆகிவிட்டது. ஆக, பந்தை மறித்து நிற்கும் அந்த ஆள் சொற்படி பார்த்தால் வாய்தா நாளில் ஆஜராகிறவர்.

டச்சு இன்னும் வெளிப்படை. அவசர வழக்கை அங்கே 'கோர்ட் ஹெடிங்' என்பார்கள். இந்தக் 'கோர்ட்' நம் கோர்ட் அல்ல, 'குறுகிய' என்று பொருள். வழக்கு என்பது 'ஹெடிங்'கில் இருக்கிறது. சந்தையில் விலையைக் குறைத்துக் கேட்பது 'அஃப்டிங்கன்'. மன்றத்தில் வாதாடியவர்கள் கடைசியில் காய்கறிக் கடையில் பேரம் பேசுகிறார்கள்.

ஸ்காண்டிநேவியாவில் இரண்டு பொருளும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. டேனிஷிலும் நார்வேஜியனிலும் பால் வேறுபாடுதான் வேலி: 'என் டிங்' என்றால் ஒரு பொருள், 'எட் டிங்' என்றால் ஒரு சபை. ஸ்வீடனில் மாவட்ட நீதிமன்றத்துக்கு 'டிங்ஸ்ரெட்' என்று பெயர். ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்த புதிதில் என் நண்பர் ஒருவருக்கு அங்கிருந்து கடிதம் வந்தது. 'டிங்ஸ்' என்று பார்த்ததும், தொலைந்த சாமான் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக எனக்குப் படம் பிடித்து அனுப்பினார். சைக்கிள் திருட்டு ஒன்றுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். வினோதம், ஐஸ்லாந்து மொழியில் இந்தக் குழப்பம் கிட்டத்தட்ட இல்லை. 'திங்' சபைக்கு, சாமானுக்கு 'ஹ்லூதுர்' என்று வேறு சொல். சொல் குடும்பத்தை விட்டும் வெளியே போயிருக்கிறது: ஸ்காண்டிநேவியாவின் வடக்கே வாழும் பழங்குடிகள் 'சாமி' மக்கள்; நார்வேயில் 1989-இல் தொடங்கிய அவர்களுடைய நாடாளுமன்றம் 'சாமெடிக்கி'. அந்த 'டிக்கி', சாமி மொழி வெகுகாலம் முன்பே அண்டை வீட்டிலிருந்து கடன் வாங்கிய திங்.

ஆங்கிலத்திலும் சபை ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. தேர்தல் வந்தால் நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் 'ஹஸ்டிங்ஸ்' என்று தலைப்பு வரும். அது வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியின் 'ஹூஸ்திங்': ஹூஸ் என்றால் வீடு, அரசனோ தலைவனோ தன் வீட்டு ஆட்களைக் கூட்டும் சபை. லண்டனில் அந்தப் பெயரில் ஒரு நீதிமன்றமே நடந்தது. பிறகு வேட்பாளர்களை நிறுத்தி முன்மொழியும் மேடைக்குப் பெயர் ஆகி, 1872-இல் ரகசிய வாக்கெடுப்பு வந்ததும் மேடை போய்ப் பெயர் மட்டும் பிரச்சாரத்துக்கு ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல்லைச் செயற்கையாக உயிர்ப்பிக்கும் முயற்சியும் நடந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பழம்பெருமை பேச 'திங்' என்ற பழைய வடிவத்தைத் தூசி தட்டி எடுத்து, திறந்தவெளி அரங்குகளுக்கு வைத்தார்கள். ஹைடல்பெர்க்கில் மலைமேல் 1935-இல் திறந்த ஒன்று இன்றும் இருக்கிறது. கொஞ்ச நாளிலேயே அவர்களே அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள். ஊர் கூடி எதிர்த்துப் பேசும் இடத்தின் பெயர் அவர்களுக்கு எப்படிப் பொருந்தும்?

மக்கள் வாயில் தானாக உயிர்த்த வடிவம் வேறு. பெயர் ஞாபகம் வராத எதற்கும் ஜெர்மனில் 'டிங்ஸ்' என்பார்கள், டச்சில் 'டிங்கெஸ்'. இன்னும் நீட்டி 'டிங்ஸ்பும்ஸ்', 'டிங்ஸ்டா'. சாமானுக்கு மட்டும் இல்லை, ஆளுக்கும். என் கீழ்வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. படிக்கட்டில் பார்த்தால் நிறுத்திக் கதை சொல்வார். பேரன் பெயர் நுனிநாக்கில் நிற்கும், வராது. கையை ஆட்டி "டேர் டிங்ஸ், டேர் டிங்ஸ்..." என்பார். நான் பெயரை எடுத்துக் கொடுத்ததும், "அதேதான்" என்று கதையைத் தொடர்வார்.